ஞாபக நோட்டில் ஏழாம் பக்கம்

சாயங்காலம் ஆறு மணி ஆனால் போதும், மாடி வீட்டுச் சின்னவள் படியிறங்கி வந்துவிடுவாள். வாசல் பக்கம் போகமாட்டாள். வீட்டுக்கும் மதில் சுவருக்கும் நடுவில் ஒரு ஆள் ஒருக்களித்துப் போகிற அளவுக்கு ஒரு சந்து உண்டு. அதில் நுழைந்து, கீழ் வீட்டுப் பின்னறை ஜன்னல் முன்னால் நின்று, கம்பிக்குள் வலது கையைத் தோள்வரை விட்டு, உள்பக்கச் சுவரில் எதையோ தடவுவாள். அப்புறம் கையை உருவிக்கொண்டு, வந்த வழியே போய்விடுவாள்.

எதிர்வீட்டுப் பால்கனிக்காரி இதை முதல் நாள் பார்த்தபோது திருட்டு என்று நினைத்தாள். இரண்டாம் நாள், திருடுகிறவள் தினமும் வெறுங்கையோடு திரும்புவாளா என்று சந்தேகம் வந்தது. மூன்றாம் நாள் விஷயம் பிடிபட்டுவிட்டது. அன்றைக்கே தெருவுக்கும் பிடிபட்டுவிட்டது.

"ஸ்விட்ச்சுக்கு முத்திப்போச்சு. இப்ப அடுத்த வீட்டு ஸ்விட்சையும் தடவ ஆரம்பிச்சுட்டா" என்றாள் பால்கனிக்காரி.

ஸ்விட்ச்சு என்பது சின்னவளுக்குத் தெரு வைத்த பெயர். வைத்து எட்டு வருஷம் ஆகிறது. அவள் கையில் பையோடு தெருவில் நடந்தால் யாராவது ஒருவர், குரலில் தேனைத் தடவிக்கொண்டு, "என்னம்மா, எல்லாம் அணைச்சாச்சா?" என்று கேட்பார்கள். அவளும் முகத்தை மாற்றாமல் "அணைச்சாச்சு" என்று சொல்லிவிட்டுப் போவாள். கேட்கிறவர்களுக்கு அதில் ஒரு சின்னச் சந்தோஷம். காசா பணமா.

கதை தெரியாதவர்கள் யாரும் தெருவில் இல்லை. இருந்தாலும் சொல்லிவிடலாம். அண்ணன் தம்பி இரண்டு பேர். அண்ணன் பெண்டாட்டி பெரியவள், தம்பி பெண்டாட்டி சின்னவள். தம்பி பள்ளிக்கூட பஸ் ஓட்டப் போய்விட்டார். அண்ணனும் ஓரகத்திகள் இரண்டு பேரும் சேர்ந்து தெருக்கோடியில் சலவைக் கடை நடத்தினார்கள். ஹோட்டல் பெட்ஷீட், ஆஸ்பத்திரி யூனிபார்ம், கல்யாண மாப்பிள்ளைகளின் கோட்டு என்று கடை நிறைய துணி. சின்னவள் துணிக்கு நம்பர் குத்துவாள், பெட்ஷீட் மடிப்பாள். பெரியவள் இஸ்திரி மேஜை. அவள் தேய்த்த காலர் விரலை வெட்டிவிடும் போல நிற்கும். இரண்டு பேரும் அக்கா தங்கச்சி மாதிரி என்று ஊர் சொல்லும். அக்கா தங்கச்சிகள் எப்படி இருப்பார்கள் என்று ஊருக்குத் தெரியும், ஆனாலும் அப்படித்தான் சொல்லும்.

அன்றைக்குக் கடையைப் பூட்டுவது சின்னவள் முறை. உலர்த்தும் மிஷின், துவைக்கும் மிஷின், இரண்டு இஸ்திரிப் பெட்டி, கடைசியில் விளக்கு. தினமும் அதே வரிசையில் அணைப்பாள், அன்றும் அணைத்தாள். தெருமுனைக்கு வந்ததும் பெரியவள், "குடையை விட்டுட்டு வந்துட்டேன். சாவியைக் குடு, நீ போ" என்றாள். சின்னவள் வீட்டுக்கு வந்து முகம் கழுவினாள். கால் மணி நேரத்தில் பெரியவள் குடையோடு வந்தாள். முக்கால் மணி நேரத்தில் கடை எரிந்தது.

உயிர்ச்சேதம் இல்லை. ஆனால் அண்ணன், யாரோ ஒரு மாப்பிள்ளையின் கோட்டைக் காப்பாற்றுகிறேன் என்று உள்ளே பாய்ந்தார். கோட்டு பிழைத்தது. அவர் வலது கை பிழைக்கவில்லை. விரல்கள் ஒன்றோடொன்று ஒட்டி, இன்றைக்கும் ஒரு கரண்டி மாதிரித்தான் இருக்கிறது.

இஸ்திரி மேஜையில்தான் நெருப்பு ஆரம்பித்தது என்று தீயணைப்புக்காரர்கள் சொல்லிவிட்டார்கள். சின்னவள் சொன்னது ஒரே வாக்கியம்: "நான் அணைச்சேன்." பெரியவள் சொன்னதும் ஒரே வாக்கியம்: "நான் குடையை எடுத்தேன் வந்தேன், மேஜைப் பக்கமே போகலை." தெரு எந்த வாக்கியத்தை எடுத்துக்கொள்ளும்? ஏற்கெனவே ஒருதரம் மாடியில் குழாயைத் திறந்துவிட்டுப் போய்க் கீழ் வீடு வரை நனைத்தவள் சின்னவள். புருஷன் கைக்குக் கட்டுப்போட்டு ஆஸ்பத்திரியில் கிடத்திவிட்டு வந்து நிற்பவள் பெரியவள். தராசைத் தூக்கிப் பார்க்க வேண்டிய அவசியமே வரவில்லை.

சின்னவளுக்கு மட்டும் ஒன்று தெரியும். கடை பூட்டுகிற நேரத்தில் பெரியவளுக்கு ஒரு பழக்கம் உண்டு. எல்லாம் அணைத்த பிறகு, "ஒரே ஒரு சட்டை" என்பாள். அண்ணன் மறுநாள் போட்டுக்கொள்ள வேண்டிய சட்டை. எல்லாருடைய துணிக்கும் நேரம் இருந்தது, புருஷன் துணிக்குக் கடைசியில்தான். அவள் குடைக்காகப் போகவில்லை, சட்டைக்காகப் போயிருக்கிறாள் என்று சின்னவள் சொல்லித்தான் பார்த்தாள். பெரியவள் அழுதாள். "அவர் கையைச் சுட்டது நான் தேய்ச்ச சட்டைன்னு சொல்றாளே, பாருங்க" என்றாள். அதற்குமேல் யாருக்கு வாய் வரும்?

சின்னவளின் புருஷன் நல்ல மனுஷர். அதுதான் கஷ்டம். "விடு. மறதி யாருக்குத்தான் வராது. நான் உன்னை ஒண்ணும் சொல்லலையே" என்றார். அவர் ஒன்று சொல்லியிருந்தால் அவளும் நாலு சொல்லியிருப்பாள்.

எட்டு வருஷம் மாடிக்கும் கீழுக்கும் பேச்சில்லை. மாடிக் கொடியிலிருந்து துணி கீழே விழுந்தால், பெரியவள் குச்சியால் எடுத்து மூன்றாம் படியில் வைப்பாள். சின்னவள் வந்து எடுத்துக்கொள்வாள். தபால் பரிமாற்றம் அவ்வளவுதான். சின்னவள் ஒரு ஹோட்டலில் துணியறை வேலைக்குப் போனாள். அங்கே வேலை முடிந்ததும் ஒவ்வொரு ஸ்விட்சிலும் விரலை வைத்து வாய்விட்டு "அணைச்சாச்சு" என்று சொல்வது வழக்கமாயிற்று. கூட வேலை செய்கிறவர்கள் முதலில் சிரித்தார்கள், அப்புறம் மறந்துவிட்டார்கள்.

ஒரு நம்பிக்கையில்தான் அவள் எட்டு வருஷத்தையும் ஓட்டினாள். என்றைக்காவது ஒருநாள் அது பெரியவள் வாயாலேயே வரும். வயசாகட்டும், படுக்கையில் விழட்டும், பயம் வரட்டும், அப்போது கூப்பிட்டுச் சொல்வாள். அந்தக் காட்சியைச் சின்னவள் மனசுக்குள் எத்தனையோ தடவை ஓட்டிப் பார்த்திருக்கிறாள். அதில் தான் என்ன புடவை கட்டியிருப்பாள் என்பதுவரை முடிவு செய்திருந்தாள்.

படுக்கை வந்தது. அவள் நினைத்த மாதிரி வரவில்லை.

அந்த வருஷம் ஒரு வைரஸ் காய்ச்சல் தெருவில் வீடு வீடாகப் புகுந்து புறப்பட்டது. ஒரு வாரம் படுத்தவர்கள் உண்டு, பத்து நாள் படுத்தவர்கள் உண்டு. பால்கனிக்காரிக்கு மூக்கு இரண்டு மாதம் வேலை செய்யவில்லை. யார் வீட்டில் என்ன சமையல் என்று தெரியாமல் அவள் பட்ட பாடு கொஞ்சமல்ல. பெரியவளுக்கு மட்டும் காய்ச்சல் மூளைக்குப் போய்விட்டது. ஐந்தாம் நாள் புருஷனைப் பார்த்து "நீங்க யாரைப் பார்க்கணும்?" என்றாள். அன்று மத்தியானம் வலிப்பு வந்தது. நாற்பத்தோரு நாள் ஆஸ்பத்திரி.

திரும்பி வந்தபோது ஆள் முழுசாகத்தான் வந்தாள். நடந்தாள், சாப்பிட்டாள், சிரித்தாள். சின்ன வயசில் இருந்த வீட்டின் டெலிபோன் நம்பரைக்கூடச் சொன்னாள். கல்யாணத்துக்கு வந்தவர்களில் யார் மொய் வைக்காமல் சாப்பிட்டுப் போனது என்பதும் ஞாபகமிருந்தது. ஆனால் கடைசிப் பத்துப் பன்னிரண்டு வருஷம் பூச்சி அரித்த கம்பளி மாதிரி ஆகிவிட்டது. புதிதாக எதைச் சொன்னாலும், ஊற்றின டீ ஆறுகிறவரை நிற்கும். அப்புறம் போய்விடும்.

காரிலிருந்து இறங்கினவள், மாடிப்படியில் நின்ற சின்னவளை அண்ணாந்து பார்த்தாள்.

"சின்னவளே, ஹோட்டல் பெட்ஷீட் வந்தாச்சா?"

தெருவே மூச்சைப் பிடித்துக்கொண்டது. எட்டு வருஷத்தில் முதல் வார்த்தை. சின்னவள் கைப்பிடிச் சுவரைப் பிடித்துக்கொண்டு, "வந்தாச்சுக்கா" என்றாள். வேறு என்ன சொல்வாள்? கடையே இல்லை, எரிந்துபோன கடைக்கு எங்கிருந்து பெட்ஷீட் வரும்?

ஆஸ்பத்திரியிலிருந்து வாரம் இரண்டு நாள் ஒரு பெண் வந்தாள். மறந்தவர்களுக்குப் பயிற்சி கொடுப்பது அவள் வேலை. தெரு அவளுக்கு ஞாபக டீச்சர் என்று பெயர் வைத்தது. அவள்தான் அந்த நோட்டை ஆரம்பித்து வைத்தாள். கெட்டி அட்டை போட்ட பெரிய நோட்டு, நாற்காலிக் கையில் கயிற்றால் கட்டித் தொங்கும். காலையில் எழுந்ததும் பெரியவள் அதை முதல் பக்கத்திலிருந்து படிக்க வேண்டும். ஒன்றாம் பக்கம்: நீ யார், இது யார் வீடு, உனக்கு என்ன உடம்புக்கு வந்தது. இரண்டு: புருஷன், போட்டோவோடு. மூன்று: மகள், இப்போது காலேஜில் படிக்கிறாள், பின்னல் போட்டுக்கொள்வதில்லை, அழாதே. ஆறாம் பக்கம்: நமக்கு ஒரு சலவைக் கடை இருந்தது.

ஏழாம் பக்கம் காலியாக இருந்தது. பெரியவள் ஒரு நாளைக்குப் பத்துத் தடவை, "ஏங்க, கை என்னாச்சு?" என்று கேட்பாள். பத்துத் தடவையும் அண்ணன் எழுந்து வேறு அறைக்குப் போய்விடுவார். அதனால் ஏழாம் பக்கம் அவசியமாயிற்று. மகள் நோட்டைத் தூக்கிக்கொண்டு மாடிக்கு வந்தாள்.

"சித்தி, நீங்கதான் எழுதணும்."

"நானா? உங்க அப்பாவை எழுதச் சொல்லு."

"எந்தக் கையால எழுதுவாரு? எனக்கு அப்ப பன்னெண்டு வயசு, ஒண்ணும் தெரியாது. அங்க இருந்தது நீங்களும் அம்மாவும்தான். அம்மாகிட்ட கேக்க முடியுமா?"

சின்னவள் ஞாபக டீச்சரிடமே கேட்டாள். டீச்சர் பையை மாட்டிக்கொண்டே சொன்னாள்: "சுருக்கமா எழுதுங்கம்மா. உண்மையை எழுதுங்க. பொய்யை எழுதினா, அவங்களுக்கு அதுதான் உண்மையாயிடும்."

மூன்று தடவை வேறு காகிதத்தில் எழுதிக் கிழித்து, நாலாம் தடவை நோட்டில் எழுதினாள். 'நம் கடையில் தீப்பிடித்தது. பூட்டும்போது சின்னவள் எல்லாவற்றையும் அணைத்துவிட்டாள். நீ திரும்பிப் போய் அவருக்காக ஒரு சட்டை தேய்த்தாய். பெட்டியை அணைக்க மறந்துவிட்டாய். துணிகளைக் காப்பாற்றப் போய் அவர் கை வெந்தது. பழி சின்னவள் மேல் விழுந்தது.'

மறுநாள் காலை, வேலைக்குப் போகிற வழியில் எட்டிப் பார்க்கிற மாதிரி கீழே போனாள். பெரியவள் விரலை வரிக்குக் கீழே வைத்துப் படித்துக்கொண்டிருந்தாள். ஏழாம் பக்கத்தில் விரல் நின்றது. திரும்ப முதல் வரிக்குப் போயிற்று. அப்புறம் தலையை நிமிர்த்தினாள்.

"நானா?"

சின்னவள் தலையை ஆட்டினாள்.

"அடிப்பாவி, நானா பண்ணேன்? உன்னை எல்லாரும் ஏசினாங்களா? நீ ஏன்டி வாயைத் திறக்கலை?"

"திறந்தேன்கா."

பெரியவள் அவள் இரண்டு கையையும் பிடித்துத் தன் கண்ணில் ஒற்றிக்கொண்டாள். "என்னை மன்னிச்சிடுடி. எந்த முகத்தோட உன்னைப் பார்ப்பேன்." நிஜமான கண்ணீர், கை நனைந்தது. சின்னவள் மாடிக்கு ஓடி, குளியலறைக் குழாயைத் திறந்துவிட்டு, ஓசை வெளியே போகாமல் அழுதாள். அன்றைக்கு அவளுக்கு வேலைக்கு நேரமாகிவிட்டது. பரவாயில்லை என்று நினைத்துக்கொண்டாள்.

மறுநாளும் போனாள். ஆசை யாரை விட்டது. மறுநாளும் பெரியவள் படித்தாள், அழுதாள், கையைப் பிடித்தாள். மூன்றாம் நாளும். நாலாம் நாள்தான் சின்னவள் கவனித்தாள்: 'அடிப்பாவி' அதே இடத்தில் வருகிறது. 'எந்த முகத்தோட' என்கிற இடத்தில் அதே மாதிரி மூக்கை உறிஞ்சுகிறாள். ஒரு நாடகத்தை நாலாம் தடவை பார்க்கிற மாதிரி இருந்தது. அதுவும் தானே எழுதிக் கொடுத்த நாடகம்.

ஒரு யோசனை வந்தது. நல்ல யோசனை இல்லை, அவளுக்கே தெரியும். ஒரு துண்டுக் காகிதத்தில், 'சின்னவள் அம்மா வீட்டிலிருந்து கொண்டுவந்த நீலப் பீங்கான் ஜாடியை நீதான் உடைத்தாய்' என்று எழுதி ஏழாம் பக்கத்தின் மேல் வைத்தாள். அவள் அம்மா வீட்டில் ஜாடியும் கிடையாது, நீலமும் கிடையாது.

பெரியவள் படித்தாள். "நானா? அடிப்பாவி, அம்மா குடுத்த ஜாடியையா?" என்றாள். கண் கலங்கிற்று. கையைப் பிடித்தாள். "என்னை மன்னிச்சிடுடி. எந்த முகத்தோட உன்னைப் பார்ப்பேன்."

சின்னவள் துண்டுக் காகிதத்தை மடித்து ஜாக்கெட்டுக்குள் வைத்துக்கொண்டு வேலைக்குப் போனாள். அன்றைக்குத் துணியறையில் இருநூறு தலையணை உறை தேய்த்தாள். இல்லாத ஜாடிக்கு வந்த அதே அழுகைதான் எரிந்த கடைக்கும் வந்தது. எட்டு வருஷம் காத்திருந்தது அதற்குத்தானா?

இதற்குள் விஷயம் அண்ணன் காதுக்குப் போய்விட்டது. பெரியவள்தான் கொண்டுபோனாள். ஒருநாள் படித்த சூட்டில் நேரே புருஷனிடம் போய், அந்தக் கரண்டிக் கையைப் பிடித்துக்கொண்டு, "நான்தானே உங்களை இப்படிப் பண்ணேன்" என்று அழுதிருக்கிறாள். அவர் நோட்டை வாங்கிப் படித்தார். மாடிப்படிக்குக் கீழே வந்து நின்று, "கீழ வா" என்றார். அவரும் எட்டு வருஷம் கழித்து இப்போதுதான் வாயைத் திறக்கிறார்.

பால்கனிக்காரி அடுப்பை அணைத்துவிட்டு வந்து நின்றாள்.

"என்ன எழுதியிருக்கே?"

"நடந்ததை எழுதியிருக்கேன் மாமா."

"எட்டு வருஷம் சும்மா இருந்துட்டு இப்ப எழுதறே. அவளால இல்லைன்னு சொல்ல முடியாது, அது தெரிஞ்சுதானே எழுதினே?"

அது சுருக்கென்று தைத்தது, ஏனென்றால் அதில் பாதி நிஜம். சின்னவள் படிக்கட்டைப் பார்த்துக்கொண்டு சொன்னாள்: "சொல்ல முடிஞ்சப்ப அவங்க ஆமான்னு சொல்லலையே மாமா."

அவர் நோட்டைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு, இடது கையால் ஏழாம் பக்கத்தைக் கிழித்தார். ஒற்றைக் கையால் காகிதம் கிழிப்பது சுலபமில்லை. கோணலாகக் கிழிந்து, ஒரு முக்கோணத் துண்டு நோட்டிலேயே நின்றது.

புதிய ஏழாம் பக்கத்தை மகள் எழுதினாள், அப்பா சொல்லச் சொல்ல. 'நம் கடையில் தீப்பிடித்தது. சின்னவள் இஸ்திரிப் பெட்டியை அணைக்க மறந்துவிட்டாள்.' அவர் அதோடு நிறுத்திவிட்டார். பெண் நல்ல மனசுக்காரி. சித்தப்பாவைப் போல. தானாகவே இரண்டு வரி சேர்த்தாள்: 'பாவம், வேண்டுமென்று செய்யவில்லை. நாம் எப்போதோ மன்னித்துவிட்டோம்.'

அன்றையிலிருந்து, சின்னவள் எதிர்ப்பட்ட காலையெல்லாம் பெரியவள் அவளைக் கூப்பிட்டுக் கன்னத்தைத் தடவினாள். "வருத்தப்படாதேடி. மறதி யாருக்குத்தான் வராது. நான் மனசுல வச்சுக்கலை." அழுகையில் எவ்வளவு நிஜம் இருந்ததோ அவ்வளவு நிஜம் இந்த மன்னிப்பிலும் இருந்தது. செய்தவளே செய்யாதவளைத் தினமும் மன்னித்தாள். சின்னவள் தினமும் "சரிக்கா" என்றாள்.

அதைவிட மோசமானது இன்னொன்று. சின்னவளுக்கே சந்தேகம் வர ஆரம்பித்தது. நான் அணைத்தேனா? உலர்த்தும் மிஷின், துவைக்கும் மிஷின், பெட்டி, விளக்கு. விரல் ஸ்விட்சில் பட்டதா? இத்தனை வருஷமாக ஓட்டிப் பார்த்துப் பார்த்து அந்த ஞாபகமும் துவைத்துத் துவைத்து வெளுத்த துணி மாதிரி ஆகிவிட்டிருந்தது. உண்மை தெரிந்த இன்னொரு ஆள் ஒருத்தி இருந்தாள். அவள் தலைக்குள் காய்ச்சல் புகுந்து துடைத்துவிட்டுப் போய்விட்டது. சின்னவள் ஹோட்டலிலிருந்து பாதி வழியில் திரும்பிப் போய் ஸ்விட்சைத் தொட்டுப் பார்த்துவிட்டு வந்தாள். ஒருநாள் மூன்று தடவை.

ஞாபக டீச்சர் அடுத்ததாக ஒன்று சொன்னாள். தலை மறந்தாலும் கை மறக்காது. பழகின வேலையைக் கொடுங்கள். ஆகவே பின்னறையில் ஜன்னல் ஓரமாக ஒரு மேஜை போட்டார்கள், ஒரு இஸ்திரிப் பெட்டி வந்தது. மகளுக்குச் சாயங்காலம் வகுப்பு. அப்பாவுக்கு ஒரு கை. மறுபடியும் மாடிக்குத்தான் வந்தாள்.

"ஒரு மணி நேரம் சித்தி. நான் வர்றவரைக்கும். அப்பாகிட்ட சொல்லிட்டேன்."

"என்ன சொன்னாரு?"

"ஒண்ணும் சொல்லலை."

"அப்ப சரி" என்றாள் சின்னவள். "நெருப்புக்கு ஸ்விட்ச்சைக் காவல் போட்டிருக்காங்க" என்று பால்கனிக்காரி நாலு வீட்டுக்குச் சொன்னாள்.

கை மறக்கவில்லை. பெரியவள் பெட்டியைப் பிடித்ததும் வேறு ஆளாகிவிட்டாள். முதுகு நிமிர்ந்தது. தண்ணீரைத் தெளித்து, காலரைத் திருப்பி, நுனியிலிருந்து நடுவுக்கு ஒரு இழுப்பு, மறுநுனியிலிருந்து ஒரு இழுப்பு. நேற்று என்ன சாப்பிட்டாள் என்று தெரியாதவள், பித்தானைச் சுற்றிப் பெட்டியின் மூக்கை ஓட்டினாள். சின்னவள் மடித்து அடுக்குவாள். பழைய கடை மாதிரி. அந்த ஒரு மணி நேரம் இரண்டு பேரும் ஹோட்டல்காரனைத் திட்டிச் சிரிப்பார்கள்கூட. முடிந்ததும் சின்னவள் ஸ்விட்சை அணைப்பாள். முன்னறையிலிருந்து அண்ணன் குரல் வரும்.

"அணைச்சாச்சா?"

"அணைச்சாச்சு மாமா."

பன்னிரண்டாம் நாள் அப்படித்தான் அணைத்தாள், சொன்னாள், அடுக்கின துணியை எடுத்துக்கொண்டு நடையில் இருந்த அலமாரிக்குப் போனாள். திரும்பி வந்து நிலைப்படியில் நின்றாள்.

பெரியவள் ஆணியில் தொங்கின வெள்ளைச் சட்டையை எடுத்துக்கொண்டிருந்தாள். அண்ணன் சட்டை. மேஜையில் விரித்தாள். ஜன்னல் பக்கம் திரும்பாமலே, கையை நீட்டி, சுண்டுவிரலால் ஸ்விட்சைத் தட்டினாள். கடையில் தட்டுகிற மாதிரியே. "ஒரே ஒரு சட்டை" என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டாள். காலர் தேய்த்தாள். முதுகுப்பக்கத்தை விரித்துப் பெட்டியை வைத்தாள்.

வாசலில் செருப்புச் சத்தம். "அம்மா, மாத்திரை போடணும், வா" என்று மகள் கூப்பிட்டாள்.

"இதோ வந்துட்டேன்" என்று பெரியவள் போனாள். பெட்டி சட்டையின் மேல் படுத்தவாக்கில் கிடந்தது.

சின்னவள் மேஜைப் பக்கம் போனாள். இவ்வளவுதான் நடந்திருக்கிறது. இப்படித்தான், இதே வரிசையில். நான் அணைத்தேன். அணைத்திருக்கிறேன். மூன்று தடவை திரும்பிப் போய்த் தொட்டுப் பார்த்ததெல்லாம் வீண். எட்டு வருஷத்தில் முதல் தடவையாக அவளுக்கு மூச்சு அடிவயிறு வரை போயிற்று.

உடனே அணைத்திருக்க வேண்டும். கை ஸ்விட்சுக்குப் போயும் விட்டது. ஆனால் அணைத்துவிட்டால் யார் நம்புவார்கள்? ஒரு சாட்சி வந்து பார்க்கட்டும், ஒரே ஒரு ஆள். விரலை ஸ்விட்சின் மேல் வைத்துக்கொண்டு, அழுத்தாமல் கூப்பிட்டாள்: "மாமா, சீக்கிரம் இங்க வாங்க. வந்து பாருங்க."

அண்ணனுக்கு முட்டி வலி. எழுந்து, செருப்பைத் தேடி, வந்து சேர்வதற்குள் வெள்ளைத் துணியில் மஞ்சள் படர்ந்தது, மஞ்சள் பழுப்பாயிற்று, ஓரத்தில் நூலாகப் புகை எழுந்தது. சின்னவள் இன்னும் அழுத்தவில்லை. வருகிறார், வந்துவிட்டார்.

நிலைப்படியில் நின்று அவர் பார்த்தார். புகைகிற தன் சட்டை. ஸ்விட்சில் சின்னவள் விரல். அறையில் வேறு யாரும் இல்லை.

அவர் கத்தவில்லை. கத்தியிருக்கலாம். அந்தக் கரண்டிக் கையை மார்போடு அணைத்துக்கொண்டு ஒரு அடி பின்னால் போனார். "மறுபடியுமா?" என்றார், ரொம்ப மெல்ல.

சின்னவள் அழுத்தினாள். பெட்டியை எடுத்து நிறுத்தினாள். சட்டையின் முதுகில் பெட்டி அளவுக்கு ஒரு பழுப்பு. "நான் இல்ல மாமா. அக்காதான். எல்லாம் அணைச்சப்புறம் வந்து, ஒரே ஒரு சட்டைன்னு… நான் கண்ணால பார்த்தேன். நீங்களும் பார்க்கணும்னுதான்…" சொல்லச் சொல்ல அவளுக்கே அது எப்படிக் கேட்கிறது என்று தெரிந்தது.

பெரியவள் தண்ணீர் டம்ளரோடு வந்தாள், பின்னாலேயே மகள். "என்ன கருகற நாத்தம்?"

"அக்கா, இந்தச் சட்டையை யாரு தேய்ச்சா? இப்பத்தான். சொல்லுங்கக்கா."

பெரியவள் சட்டையைப் பார்த்தாள். புருஷனைப் பார்த்தாள். இப்படி ஏதாவது தெரியாமல் போகும்போது என்ன செய்ய வேண்டும் என்று டீச்சர் பழக்கியிருந்தாள். நாற்காலியில் உட்கார்ந்து நோட்டைப் புரட்டினாள். ஒன்று, இரண்டு, மூன்று. ஏழாம் பக்கத்தில் விரலை வைத்து, அந்த முக்கோணத் துண்டை ஒதுக்கிவிட்டு, வாய்க்குள் படித்தாள். முகம் தெளிந்தது.

"விடுங்க" என்றாள் புருஷனிடம். "திட்டாதீங்க அவளை. பாவம், மறந்திருப்பா."

அன்று ராத்திரிச் சாப்பாட்டுக்கு முன்னால் சின்னவளின் புருஷன் கீழே போய் அண்ணனோடு பேசிவிட்டு வந்தார். பஸ்ஸை மெதுவாகப் பிரேக் போடுகிற மாதிரி சொன்னார்.

"கொஞ்ச நாளைக்கு நீ கீழ போக வேண்டாம். அவங்க கோவமா ஒண்ணும் சொல்லலை."

"போகலை. அந்தப் பெட்டியை மட்டும் எடுத்து உள்ள வைக்கச் சொல்லுங்க. அக்கா கையில குடுக்கக் கூடாது."

"அண்ணிக்கு அதுதான் மருந்துன்னு டீச்சர் சொல்லியிருக்காங்களாம்."

"வீடு எரியும்ங்க."

"நீ அங்க இல்லைன்னா எரியாதும்மா" என்றார் அவர். குத்திச் சொல்லவில்லை. ஆறுதலாகத்தான் சொன்னார்.

ஆகவே பெட்டி பின்னறையிலேயே இருக்கிறது. மகள் அந்த வகுப்பை விட்டுவிட்டு வீட்டில் இருந்து பார்த்துக்கொள்கிறாள். கெட்டிக்காரி, ஒழுங்காக அணைக்கிறாள். அணைத்துவிட்டு அம்மாவுக்கு மாத்திரை எடுக்கப் போகிறாள். பெரியவள் அந்தக் கொஞ்ச நேரத்தில் ஆணிப் பக்கம் போகிறாள்.

ஆறு மணிக்குச் சின்னவள் சந்துக்குள் நுழைகிறாள். கம்பிக்குள் கையை விட்டால், தோள் சுவரில் சிராய்த்தால், விரல் நுனி ஸ்விட்சுக்கு எட்டும். இதுவரை இருபது நாள். ஒன்பது நாள் அது போட்டபடி இருந்தது. இதை யாரிடமும் சொல்லவில்லை. சொன்னால் நோட்டில் அதற்கும் ஒரு பக்கம் எழுதுவார்கள்.

சில நாள் பெரியவள் அறைக்குள்ளேயே இருப்பாள். கம்பி வழியாக ஒரு கை வருவதைப் பார்த்துப் பயப்படமாட்டாள். அவளுக்கு எல்லாமே புதுசுதான்.

"யாரது?"

"நான்தான்கா."

"சின்னவளா? சந்துல நின்னு என்னடி பண்றே?"

"பெட்டியை அணைச்சாச்சான்னு பார்த்தேன்."

"அணைச்சாச்சா?"

"இப்ப அணைச்சாச்சு."

"நல்லதாப்போச்சு. எனக்கு இப்பல்லாம் ஒண்ணும் நிக்க மாட்டேங்குதுடி" என்பாள் பெரியவள். "நீயாவது ஞாபகமா இருக்கியே."

சொல்லிவிட்டு, இவள் ஏன் வாசல் வழியாக வரவில்லை என்று யோசித்துக்கொண்டே நாற்காலிப் பக்கம் போய் நோட்டைக் கையில் எடுப்பாள். அவள் ஏழாம் பக்கத்துக்கு வருவதற்குள் சின்னவள் மாடிப்படி ஏறிவிடுவாள்.